சாலைக்கு அந்தப் பக்கம்

"இருக்காரு," என்றாள் ஜெனிட்டா, இரும்புக் குழாயிலிருந்து காதை எடுக்காமல்.

 சுற்றி நின்றவர்கள் நிலநடுக்கம் வந்ததிலிருந்து ஒவ்வொரு காலையும் இந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தார்கள். அது கிடைத்ததும் கடப்பாரைகளை எடுத்துக்கொண்டு இடிபாட்டின் ஓரத்துக்குப் போய் உட்கார்ந்தார்கள். பச்சை சிக்னல் விழாமல் யாரும் மேலே ஏறக் கூடாது என்பது உத்தரவு.

நீலவரை எஸ்டேட்டின் தேயிலை பேக்டரி, வெட்டிய கேக் மாதிரி, தளத்தின் மேல் தளமாக உட்கார்ந்துவிட்டிருந்தது. கொழுந்து வாட்டும் மேல்மாடி இப்போது தரையில் இருந்தது. அதன் அடியில், உருட்டு மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் மிஞ்சியிருந்தது. ஜெனிட்டாவின் கணவன் சேவியர் அங்கே கிடந்தான். மெஷின் ஃபிட்டர். இடது கால் ஓர் உத்தரத்தின் அடியில் மாட்டியிருந்தது. பழைய நீராவிக் குழாய் ஒன்று மட்டும் உடையாமல் அவன் தலைமாட்டிலிருந்து வெளியே வரை நீண்டிருந்தது. அதன் வழியாகக் கஞ்சித் தண்ணீரும் டீயும் உள்ளே போயின. பேச்சு வெளியே வந்தது.

"என்ன சொல்றாரு அண்ணன்?" என்று கேட்டான் சுக்ராம். அவன் அப்பா ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்தவர். சுக்ராம் இங்கேயே, சேவியரின் அடுத்த வீட்டில், பிறந்து வளர்ந்தவன்.

"டீயில சர்க்கரை பத்தலையாம்."

"அப்ப ஆளு தேறிடுவாரு அக்கா."

ஜெனிட்டா சிரிக்கவில்லை. ஆனால் குழாயை ஒருமுறை உள்ளங்கையால் தடவிவிட்டு எழுந்தாள். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, சரிவில் இறங்கி, சாலையோரத்துப் பிள்ளைக் காப்பகத்தை நோக்கி நடந்தாள். பச்சை அங்கிருந்துதான் வர வேண்டும்.

சாலை, பாலத்தருகே ஒரு சின்ன வளைவு தவிர, பள்ளத்தாக்கின் அடியில் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுபோல நேராக ஓடியது. மலைச்சாலை ஒன்று இவ்வளவு நேராக இருப்பதைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் அதிசயப்படுவார்கள். மேற்குச் சரிவில் பேக்டரி, தொழிலாளர்களின் லைன் வீடுகள், இப்போது கூடாரங்கள். சாலைக்கு அந்தப் பக்கம், கிழக்குச் சரிவில், மேனேஜர் பங்களாவும் அதன் புல்வெளியும் பந்து மைதானமும். பங்களாவில் ஒரு ஜன்னல் கண்ணாடிகூட உடையவில்லை. இந்த ஊரில் எல்லாமே அப்படித்தான் என்று லைன்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

மீட்புப் படை வந்து சேர்ந்த பிறகு மலைப்பாதை இரண்டு இடத்தில் சரிந்து அடைபட்டுவிட்டது. மூடுபனி விலகாததால் ஹெலிகாப்டரும் வரவில்லை. மேலே இருந்தவர்கள் மேலேயேதான் இருந்தாக வேண்டும்.

காப்பகத்தில் குட்டி நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு இரண்டு பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தர்ஷினி மீட்புப் படையோடு சென்னை ஆய்வு மையத்திலிருந்து வந்தவள். இக்பால் பொள்ளாச்சிக்காரர், கேபிள் தொழில்நுட்பம் பார்ப்பவர். சாலையோரம் புதைந்திருக்கும் இணையக் கேபிளின் ஒரு முனை அவர்கள் முன்னால் இருந்த பெட்டிக்குள் நுழைந்தது. கேபிளுக்குள் ஓடும் கண்ணாடி இழைக்கு ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியின் நடுக்கத்தைப் படித்தால், சாலையில் ஒரு நாய் ஓடினாலும் தெரியும். மலைக்கு அடியில் பாறை முனகினாலும் தெரியும். அதைப் படிக்கும் மென்பொருளுக்குச் 'செவி' என்று பெயர். பெரிய நிலநடுக்கம் ஒன்று வந்தபின், அடுத்த சின்ன அதிர்வுகள் எப்போது வரும், எப்போது வராது என்று செவி சொல்லிவிடும். வராத நேரம் பச்சை. இதுவரை ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

"நேத்து நாலஞ்சு தடவை குடுத்தீங்க மேடம்," என்றாள் ஜெனிட்டா வாசலில் நின்றபடி. "இன்னைக்கு இன்னும் ஒண்ணுமே காணோமே."

"வரும். கொஞ்சம் பொறுங்க."

"அவருக்குக் கால் மரத்துப்போச்சாம். நேத்து வலிக்குதுன்னாரு. இன்னைக்கு வலிக்கலைங்கிறாரு."

தர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். வலிக்கவில்லை என்றால் கால் செத்துக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்கும் இக்பாலுக்கும் தெரிந்திருந்தது. 

"நாங்க டிராபிக் போலீஸ் மாதிரிம்மா," என்றார் இக்பால். "கையைக் காட்டுறதுதான் எங்க வேலை. வண்டியை ஓட்டுறது மலை." பிறகு குழந்தையைப் பார்த்தார். "என்ன நிவி, பாய் மாமாவுக்கு ஒரு பிஸ்கட் தருவியா?"

நிவி கையிலிருந்த பிஸ்கட்டை முழுவதுமாக வாயில் திணித்துக்கொண்டாள்.

"உசாரான பிள்ளை," என்றார் இக்பால்.

"ஏன் மேடம் இது திரும்பத் திரும்ப ஆடுது?" என்று கேட்டாள் ஜெனிட்டா. "ஒரு தடவை ஆடித் தீத்துட்டுப் போகக் கூடாதா?"

தர்ஷினி சுற்றுமுற்றும் பார்த்தாள். மூலையில் கிடந்த கனமான மர மேசையைப் பிடித்து சிமெண்டுத் தரையில் இழுத்தாள். அது கரகரவென்று திக்கித் திக்கி நகர்ந்தது.

"பாறைக்குள்ள ஒரு வெடிப்பு இருக்கு. அதோட ரெண்டு பக்கமும் ஒண்ணு மேல ஒண்ணு இப்படித்தான் உரசிக்கிட்டு நகரப் பாக்குது. மாட்டிக்கிட்டு நிக்கும், பிச்சுக்கிட்டு நகரும். அன்னைக்கு ஒரு பெரிய பகுதி நகர்ந்துடுச்சு. இப்ப பக்கத்துல இருக்கிற சின்னச் சின்னத் துண்டுங்க அதுக்கேத்த மாதிரி இடம் மாறிக்குது. நாளாக ஆகக் குறைஞ்சுடும்."

"குறையுதா?"

"குறையுது," என்றாள் தர்ஷினி. திரையில் கோடு இறங்கிக்கொண்டே வந்தது. அவள் சொன்னது உண்மை.

சற்று நேரத்தில் பச்சை விழுந்தது. ஜெனிட்டா குழந்தையோடு சரிவில் ஏறி ஓடினாள். கூடைகள் கைமாறும் சத்தம் கீழே வரை கேட்டது.

சுக்ராம் மட்டும் மூச்சிரைக்க எதிர்த் திசையில் இறங்கி வந்தான். "மேடம், ஒரு பர்மிஷன் வேணும். உத்தரத்தைத் தூக்க முடியலை. இழுத்தா வரும்போல இருக்கு. கொழுந்து இறக்குற ரோப்வே கம்பி அறுந்து காட்டுக்குள்ள கிடக்குது. அதை வெட்டி எடுத்து உத்தரத்துல கட்டி இழுத்துப் பாக்கலாமா? எஸ்டேட் சொத்து, தொடக் கூடாதுங்கிறாரு சூப்பர்வைசர்."

"எடுத்துக்கங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க," என்றாள் தர்ஷினி திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

சுக்ராம் திரும்பி வாசலைத் தாண்டிவிட்டான்.

"தம்பி, நில்லுங்க. ரோப்வே அறுந்துடுச்சா?"

"ஆமா மேடம். முதல் ஆட்டத்துலயே. கொழுந்துத் தொட்டியெல்லாம் பள்ளத்துல கிடக்குது."

"அதுக்கப்புறம் ஓடவே இல்லையா?"

அவன் அவளை வினோதமாகப் பார்த்தான். "எதுல மேடம் ஓடும்?"

அவன் போன பிறகு தர்ஷினி திரையின் பக்கம் திரும்பினாள். திரையின் கீழ் மூலையில், இத்தனை நாளும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்த, அதனாலேயே யாரும் படிக்காத ஒரு வரி இருந்தது: 'ரோப்வே – நீக்கப்படுகிறது.'

நிலநடுக்கத்துக்கு முன்பே கேபிளில் செவியைப் பொருத்தியவர்கள் மனிதர்கள் எழுப்பும் சத்தங்களை ஒவ்வொன்றாகப் பெயரிட்டு ஒதுக்கியிருந்தார்கள். லாரி, பேக்டரி மோட்டார், மேற்கு முகட்டுக் கோபுரத்தில் ரோப்வே தொட்டிகள் ஒவ்வொன்றாக முட்டிச் செல்லும் தட்டல். சீரான இடைவெளியில் விழும் தட்டல் மனிதனுடையது, மலை தாளம் போடாது என்பது அந்தத் துறையில் எல்லோரும் நம்பிய பாடம். பாரம் கூடினால் ரோப்வே மெதுவாகும், குறைந்தால் வேகமாகும். அதனால் தாளம் மாறினாலும் விடாமல் பின்தொடர்ந்து நீக்கும்படி செவிக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

"பாய்," என்றாள் தர்ஷினி. அவள் குரல் அவளுக்கே வேறொருவருடையதுபோல இருந்தது. "ரோப்வே நின்னு போச்சு. அப்ப நாம இத்தனை நாளா எதை நீக்கிட்டு இருக்கோம்?"

இக்பால் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

ரோப்வே சத்தத்தை நீக்கும் வடிகட்டியை அவள் செவியிலிருந்து எடுத்தாள். திரை ஒரு கணம் வெறுமையாகி, பிறகு நிரம்பியது. ஒரே அளவு, ஒரே உருவம், அச்சில் வார்த்ததுபோலத் தட்டல்கள். முதல் நாளில் அவற்றுக்கிடையே நல்ல இடைவெளி இருந்தது. போகப் போக நெருங்கின. இன்று காலைத் தட்டல்கள் ஒன்றன் கழுத்தை ஒன்று பிடிப்பதுபோல நின்றன.

தர்ஷினி அந்தப் படத்தைச் சென்னைக்கு அனுப்பினாள். வெளியே யாரோ "ஏலேலோ" என்று கூவி இழுத்தார்கள். அதற்கும் திரையில் ஒரு சிறு கோடு விழுந்தது.

சென்னையில் ரகோத்தமன் உடனே போனை எடுத்தார். அவளுடைய மேலதிகாரி. எதற்கும் குரலை உயர்த்தாதவர்.

"படம் வந்துடுச்சு. பாக்கறேன்," என்றார்.  அவர் நாற்காலி கிறீச்சிட்டது. "ஒரே பாறைத் திட்டு. திரும்பத் திரும்ப அதே இடம் உடையுது. சுத்தி இருக்கிற வெடிப்பு சத்தமில்லாம வழுக்கிண்டே போறது. இந்தத் திட்டு மட்டும் ஒவ்வொரு தடவையும் மாட்டி மாட்டி விடறது."

"வழுக்கல் வேகமாகுது சார்."

"ஆமா. அது எங்கேயோ பூட்டிக் கிடக்கிற பெரிய துண்டைப் போய்த் தள்றது."

"அப்ப அன்னைக்கு வந்தது…"

"அதுக்கு நாமதான் முதன்மை அதிர்வுன்னு பேர் வச்சோம் தர்ஷினி. அப்படிப் பேர் வச்சதாலதான் அப்புறம் வந்ததெல்லாம் பின்னதிர்வு ஆச்சு. செவியும் குறையற கணக்கைப் போட்டுண்டே இருந்தது. பெரிசு இன்னும் வரலைன்னா, இதுவரைக்கும் வந்தது மொத்தமும் முன்னதிர்வு." அவர் நிறுத்தினார். "எந்த இடம்னு காட்டறது?"

அவள் கேட்டாள். செவி உடனே சொன்னது. "மேற்கு முகடு சார். ரோப்வே கோபுரத்துக்கு நேர் அடியில. கூடாரம் எல்லாம் அந்தச் சரிவுலதான் இருக்கு."

"கிழக்கே என்ன இருக்கு?"

"மைதானம். பங்களா. முதல் ஆட்டத்துல அங்க ஒரு கீறல்கூட விழலை."

"உன் முடிவு. நீதான் அங்கே இருக்கே. ஒண்ணு மட்டும் சொல்றேன். இது தப்புன்னா, அந்த ஃபிட்டர் விஷயத்துல நீ…" அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவளுக்கு அது புரிந்தது. தோண்டுவதை நிறுத்தினால் சேவியர் இரவைத் தாண்டமாட்டான். சரிவைக் காலி செய்யாவிட்டால் முந்நூறு பேர் போவார்கள்.

அவள் சிவப்பை அழுத்தினாள்.

பேக்டரிச் சங்கு இன்னும் வேலை செய்தது. வேலைக்குக் கூப்பிட்ட அதே சங்கு இப்போது எல்லோரையும் சாலைக்கு இறக்கியது. போர்வைகள், குடங்கள், ஒரு தையல் மெஷின், கூடைக்குள் கோழிகள். தூறலில் வரிசை சாலையைக் கடந்து கிழக்கே ஏறியது.

"பங்களாப் பக்கம் எட்டிப் பாத்தா நாயை அவுத்து விடுவாங்க," என்றாள் ஒரு பெண். "இப்ப புல்லுல பாய் போட்டுப் படுங்கறாங்க. கலிகாலம்தான்."

"துரை வீட்டுப் புல்லுல உக்காந்துட்டு எந்திரிக்காதே. அப்புறம் உனக்கும் ஆபீசர் வேலை குடுத்துடுவான்."

"இந்த மேடம் காலையில ஒரு கலர் சொல்லுது, மத்தியானம் ஒரு கலர் சொல்லுது. சாயந்தரம் மஞ்சள் வரும் பாரு."

மீட்புப் படையினரும் கருவிகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். உத்தரவு அவர்களுக்கும்தான். ஜெனிட்டா சாலை வரை வந்தாள். நிவியை இக்பாலின் கையில் கொடுத்தாள்.

"பாய், இவளை என் தங்கச்சிகிட்ட விட்டுடுங்க. நீலக் கூடாரம் எடுத்துட்டுப் போறாளே, அவதான்."

"நீ?"

அவள் திரும்பி மேலே நடந்தாள். இடிபாட்டின் மேல் சுக்ராம் ஒருவன் மட்டும் நின்று ரோப்வே கம்பியை உத்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தான்.

கடைசிக் குடும்பமும் சாலையைத் தாண்டியதைப் பார்த்த பிறகு தர்ஷினி மேற்குச் சரிவில் ஏறினாள். ஒவ்வோர் அடியிலும் காலுக்குக் கீழே அந்தத் தட்டலை உணர முடியும்போல இருந்தது. முடியாது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் கால் கூசியது.

"ஜெனிட்டா, வந்துடுங்க. இது விளையாட்டு இல்லை. இந்த இடம்தான் போகப் போகுது."

"நீங்க போங்க மேடம். கம்பி கட்டியாச்சு. ஒரு இழுப்பு."

"யாரு இழுப்பா? நீங்க ரெண்டு பேருமா?"

"நீங்களும் பிடிச்சா மூணு பேரு," என்றான் சுக்ராம்.

குழாயிலிருந்து குரல் வந்தது. களைத்த, ஆனால் தெளிவான குரல். "ஜெனி, மேடம் சொல்றதைக் கேளு. பாப்பா அந்தப் பக்கம் தனியா இருக்கா. போடி."

"நீங்க சும்மா கிடங்க."

"கிடந்துட்டுத்தானே இருக்கேன்."

ஜெனிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தர்ஷினி அவள் கையைப் பிடித்தாள். இழுத்துப் போய்விடலாம் என்ற எண்ணத்தோடுதான் பிடித்தாள். அந்தக் கை சுடுகல்லாக இருந்தது. பிடித்தபடியே நின்றுவிட்டாள்.

அப்போதுதான் போன் அடித்தது.

"தர்ஷினி," என்றார் ரகோத்தமன். "ஒரு சின்னக் கேள்வி. அந்த இடம் உனக்கு எப்படிக் கிடைச்சது?"

"செவி கொடுத்தது சார்."

"ஒரே ஓர் இடமா?"

"ஆமா."

 மறுமுனையில் அவர் ஏதோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது.

"உன் கேபிள் நேரா இருக்கு. நேர்க்கோடாக் கிடக்கிற காதுக்குச் சத்தம் எவ்வளவு தூரத்துலேர்ந்து வரதுன்னு தெரியும். இடது பக்கமா வலது பக்கமான்னு தெரியாது. ரெண்டு பக்கமும் கண்ணாடியில பாக்கற மாதிரி ஒண்ணுபோலத்தான் கேக்கும். செவி எப்பவும் ரெண்டு இடம் கொடுக்கணும். சாலைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. உனக்கு ஏன் ஒண்ணுதான் கொடுத்தது?"

அவள் சாலைக்கு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். 

"ரோப்வேன்னு பேர் வச்சவங்க, அது மேற்கே இருக்குன்னும் எழுதி வச்சிருப்பாங்க," என்றார் அவர் மெல்ல. "ரோப்வே எந்தப் பக்கம்னு அவங்களுக்குக் கண்ணால தெரியும். நீ பேரை எடுத்தே. இடத்தை எடுக்கலை. நானும் கேக்கலை. இப்ப அதையும் எடுத்துட்டு ஓட்டிப் பாத்தேன். வரிசையா எல்லாத் தட்டலும் கேபிளைத் தொடற நேரத்துல ஒரு சின்ன வித்தியாசம் இருக்கு. சாலை பாலத்துக்கிட்ட கொஞ்சம் வளையற இடத்துல. அந்த வளைவு சொல்றது…"

"கிழக்கா சார்?"

"கிழக்கு."

அவள் இணைப்பைத் துண்டித்தாள். இக்பாலைக் கூப்பிட்டாள். இடிபாட்டின் மேலிருந்து பார்த்தால் மைதானம் முழுவதும் தெரிந்தது. கூடாரங்கள் எழுந்துகொண்டிருந்தன. நீலமாக ஒன்று, பங்களாவின் மேட்டுக்கு அடியில்.

"பாய், எல்லாரையும் திருப்பிக் கூட்டிட்டு வாங்க. சாலைக்கு. இப்பவே."

"என்ன மேடம், இப்பத்தான் ஆணி அடிச்சுட்டு இருக்கோம். சிரிக்கப் போறாங்க."

"நான் பக்கத்தை மாத்திச் சொல்லிட்டேன் பாய். இந்தப் பக்கம் இல்லை. அது உங்க பக்கம்."

 இக்பால் போனைக் கையில் பிடித்தபடியே கத்துவது கேட்டது. எல்லாரும் இறங்குங்க, சாலைக்கு இறங்குங்க, சாமானை விடுங்க.

யாரோ அவரைக் கேட்டார்கள். "பாய், இது என்ன கபடியா? கோட்டை இப்படித் தாண்டு, அப்படித் தாண்டுன்னு."

"ஐயா, கையெடுத்துக் கும்பிடறேன்."

"எந்தப் பக்கம் போகணும்னு மேடம் முதல்ல முடிவு பண்ணட்டும். நாங்க மழையில நனைஞ்சுட்டு நிக்கிறோம். கிழவியைத் தூக்கிட்டு இப்பத்தான் மேடேறினேன்."

"பெரியவரே, அப்புறம் என்னைத் திட்டுங்க. செருப்பால அடிங்க. இப்ப இறங்குங்க."

"டேய், பாய் அழறாருடா," என்றது ஓர் இளைஞனின் குரல். அதன் பிறகுதான் அசைந்தார்கள் போலிருந்தது.

மேட்டிலிருந்து ஒரு கூட்டம் பிரிந்து இறங்குவதைத் தர்ஷினி பார்த்தாள். சிலர் ஓடினார்கள். சிலர் கூடாரத்தை மடிக்கக் குனிந்தார்கள். பலர் நின்று பார்த்தார்கள்.

"பாய், ஜெனிட்டாவோட குழந்தை?"

"தங்கச்சி கூடாரத்துல விட்டேன். எடுத்துட்டு வரேன்." ஓடும் காலடிகள். அவர் மூச்சு. "நிவி, வா, பாய் மாமாகிட்ட வா…"

அப்போது வந்தது.

முதலில் சத்தம்தான் வந்தது. கீழேயிருந்து, எல்லாப் பக்கத்திலிருந்தும். பிறகு தரை அவள் காலைத் தட்டிவிட்டது. இடிபாட்டின் மேல் விழுந்தாள். ஜெனிட்டா குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். சுக்ராம் கம்பியோடு உருண்டான். எங்கோ கண்ணாடி நொறுங்கியது. அது பங்களாவின் ஜன்னலாக இருக்க வேண்டும்.

அது முடிந்தபோது தர்ஷினி எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

கிழக்குச் சரிவு நகர்ந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், மரங்கள் நின்ற நிலையிலேயே, முழு மேடும் கீழே இறங்கி வந்தது. பங்களாவின் சிவப்புக் கூரை கொஞ்ச தூரம் படகுபோல வந்தது. பிறகு அதுவும் இல்லை. மைதானம் இருந்த இடத்தில் ஈர மண் இருந்தது. நீல நிறம் எங்கேயும் இல்லை. சாலையின் மேல் சில பேர் நின்றிருந்தார்கள், மண்ணின் விளிம்புக்கு எட்டிய தூரத்தில், அவள் பக்கமாக முகத்தைத் திருப்பி. எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கினாள். முதல் சிலரோடு நிறுத்திக்கொண்டாள். அவர்களில் யார் கையிலாவது குழந்தை இருந்ததா என்று இங்கிருந்து தெரியவில்லை.

போன் இன்னும் அவள் கையில் இருந்தது. இணைப்பு அறுந்திருந்தது.

 பள்ளத்தாக்கில் தூறல் இலைகளில் விழும் சத்தம் மட்டும் இருந்தது. ஜெனிட்டா எழுந்து நின்று பார்த்தாள். அவள் உதடுகள் ஏதோ ஒரு பெயரைச் சொல்வதுபோல அசைந்தன. சுக்ராம் இரண்டு கைகளையும் தலைமேல் வைத்தபடி நின்றிருந்தான்.

"அக்கா," என்றான். 

குழாயில் இருமல் சத்தம் கேட்டது. பிறகு குரல்.

"ஜெனி. ஏய் ஜெனி. உனக்கு ஒண்ணும் இல்லையே?"

அவள் மண்டியிட்டாள். "இல்ல."

"எனக்கும் ஒண்ணும் இல்ல. கொஞ்சம் மண்ணு விழுந்துச்சு. உத்தரம் நகர்ந்துருக்கு. கால் லூசாயிடுச்சு. இப்ப இழுத்தா வந்துடுவேன் போலிருக்கு." இருமினான். "ரொம்பப் பெரிசு இல்ல இது? முதல்ல வந்ததைவிடப் பெரிசு. நல்லவேளை, மேடம் முன்னாடியே எல்லாரையும் அந்தப் பக்கம் அனுப்பிட்டாங்க. பாப்பாவும் போயிட்டா. அவங்க இல்லைன்னா என்னாயிருக்கும் சொல்லு. நான் நன்றி சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லு."

ஜெனிட்டா குழாயின் வாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். தர்ஷினியின் முகத்தை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"இங்கதான் நிக்கிறாங்க," என்றாள் குழாய்க்குள். "நீங்களே சொல்லுங்க."

அவள் எழுந்து கடப்பாரையைக் கையில் எடுத்துக்கொண்டாள். சுக்ராமைத் திரும்பிப் பார்க்காமல் சரிவில் இறங்கத் தொடங்கினாள். முதலில் நடந்தாள், பிறகு வழுக்கி, பிறகு ஓடினாள். சுக்ராம் ஒரு கணம் குழாயையும் அவளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு அவள் பின்னால் ஓடினான்.

தர்ஷினி குழாயின் அருகே உட்கார்ந்தாள். இரும்பு குளிர்ந்திருந்தது. ஜெனிட்டாவின் காது படிந்து படிந்து அந்த விளிம்பு மட்டும் துரு நீங்கிப் பளபளத்தது. மறுபடியும் ஏதாவது வருமா, எந்தப் பக்கம் வரும் என்று அவளுக்கு எதுவும் தெரியவில்லை. கேபிள் அந்த மண்ணுக்கு அடியில் எங்கோ அறுந்து கிடந்தது.

"மேடம்," என்றது உள்ளேயிருந்து குரல். "இருக்கீங்களா? பேச மாட்டேங்கறீங்களே. பரவாயில்லை. ரொம்ப நன்றி மேடம். பாப்பா பயந்திருப்பா. இடி இடிச்சாலே அழுவா. யாரையாவது விட்டு அவகிட்ட சொல்லச் சொல்லுங்க, அப்பா வந்துடுவேன்னு."

அவள் வாயைத் திறந்தாள். மூச்சு மட்டும் குழாய்க்குள் போய்த் திரும்பி வந்து முகத்தில் பட்டது. கால் விடுபட்ட ஓர் ஆள், வெளியே வரப்போகும் ஓர் ஆள், உள்ளே நம்பிக்கையோடு காத்திருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம். அவனை வெளியே எடுத்த பிறகு சொல்லலாம். அதற்குள் அவன் இன்னொரு முறை நன்றி சொல்வான்.

"அங்க எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க மேடம்?"

"சேவியர்," என்றாள் அவள். "நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க."